ராஜாவும் இல்லை, மேயரும் இல்லை: வெரோனாவின் கான்கிராந்தே யார்?

ரோமியோ ஜூலியட் கதை தெரிந்தவர்களுக்கு வெரோனா என்ற ஊர்ப் பெயரும் தெரிந்திருக்கும். அந்த நாடகத்தில் இரண்டு குடும்பங்களின் தெருச்சண்டையை அதட்டி நிறுத்த ஒருவர் வருவார். வெரோனாவின் இளவரசர் எஸ்கலஸ் என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை அது. வட இத்தாலியில் இருக்கும் இந்த நகரத்தை 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் ஆண்டது தெல்லா ஸ்காலா என்ற குடும்பம். 'ஸ்காலா' என்றால் ஏணி. அவர்களுடைய சின்னமும் ஏணிதான். அந்தக் குடும்பப் பெயர்தான் நாடகத்தில் எஸ்கலஸ் ஆகியிருக்கிறது.

சிக்கல் 'இளவரசர்' என்ற சொல்லில் இருக்கிறது. தெல்லா ஸ்காலா குடும்பத்தில் யாருக்கும் கிரீடம் கிடையாது. தமிழில் இவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது ஒருவர் மன்னர் என்கிறார், இன்னொருவர் குறுநில மன்னர் என்கிறார், மூன்றாமவர் சர்வாதிகாரி என்கிறார், நான்காமவர் மேயர் மாதிரி என்று முடித்துவிடுகிறார். நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நான்குமே முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகின்றன. சுதந்திரமாகத் தன்னைத் தானே ஆண்டுகொண்டிருந்த ஒரு நகரம், சட்டப்படி கூடி, சட்டப்படி தீர்மானம் போட்டு, தன் அதிகாரத்தை ஒரே குடும்பத்தின் கையில் கொடுத்தது. இது எப்படி நடக்கும்? அதை ஓர் ஆளின் வாழ்க்கையை வைத்துப் பார்ப்பதுதான் சுலபம்.

அந்த ஆள் கான்கிராந்தே தெல்லா ஸ்காலா. பிறந்தது 1291, இறந்தது 1329. வாழ்ந்தது 38 வருடம்தான். இயற்பெயர் கான் பிரான்செஸ்கோ. 'கான்கிராந்தே' என்றால் 'பெரிய நாய்' என்று பொருள். இதைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்ததாக நினைத்துவிட வேண்டாம். அந்தக் குடும்பத்தில் நாய்ப் பெயர்கள் பெருமைக்குரியவை. குடும்பத்தின் முதல் தலைவர் பெயரான மாஸ்தினோவும் காவல் நாயைக் குறிப்பதுதான்.

முதலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு

இருநூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குடியிருப்பவர்கள் சங்கம் வைக்கிறார்கள். தண்ணீர், காவல், பராமரிப்புக் கட்டணம் எல்லாவற்றுக்கும் விதி எழுதுகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாகப் போகிறது. அப்புறம் இரண்டு கோஷ்டி உருவாகிறது. ஏ பிளாக் செயலாளர் என்றால் பி பிளாக் பணம் கட்டாது. பி பிளாக்காரர் வந்தால் ஏ பிளாக் கூட்டத்துக்கே வராது.

சரி, நம்மில் யாரும் வேண்டாம் என்று முடிவு செய்து, வெளியிலிருந்து சம்பளத்துக்கு ஒரு மேலாளரை ஒரு வருடத்துக்கு வைக்கிறார்கள். சண்டை தணிகிறது, ஆனால் நிற்கவில்லை. ஒரு நாள் கைகலப்பு ஆகிறது. பயந்துபோன பொதுக்குழு கூடி, எல்லோருக்கும் ஓரளவு நம்பிக்கையுள்ள ஒருவரைத் தலைவராக்கி, "வருடாவருடம் தேர்தல் வேண்டாம், நீங்களே ஆயுள் முழுக்க இருங்கள், விதியை மாற்ற வேண்டுமென்றாலும் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று தீர்மானம் போடுகிறது. அவருக்கு அப்புறம் அவர் மகன். சங்கம் கலைக்கப்படவில்லை. கூட்டம் நடக்கிறது, நோட்டில் கையெழுத்து விழுகிறது. ஆனால் கூட்டத்துக்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது.

வெரோனாவில் நடந்ததன் எலும்புக்கூடு இதுதான். ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. குடியிருப்புச் சண்டையில் தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். இத்தாலிய நகரத்தில் தோற்ற கோஷ்டியை ஊரைவிட்டே துரத்தினார்கள். சொத்தைப் பறித்தார்கள், வீட்டை இடித்தார்கள். துரத்தப்பட்டவர்கள் பக்கத்து நகரத்தில் போய்ச் சேர்ந்து, அந்த நகரத்தின் படையோடு திரும்பி வந்தார்கள். உள்ளூர்ச் சண்டை அப்படித்தான் ஊர்களுக்கு இடையிலான போராக மாறியது.

கட்டியவர் யார்? சங்கம் எது?

உவமையை விட்டு நிஜத்துக்கு வருவோம். வட இத்தாலி பெயரளவில் புனித ரோமப் பேரரசரின் ஆளுகையில் இருந்தது. அவர் இருந்ததோ ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால், ஜெர்மானிய நாடுகளில். வணிகத்தால் செழித்த இத்தாலிய நகரங்கள் 12-ஆம் நூற்றாண்டில் தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கின. பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா படையோடு வந்து அடக்கப் பார்த்தார். நகரங்கள் கூட்டணி வைத்து எதிர்த்தன. அதில் வெரோனாவும் உண்டு. கடைசியில் 1183-இல் கான்ஸ்டன்ஸ் உடன்படிக்கையில் பேரரசர் இறங்கி வந்தார். நகரங்கள் தங்கள் அதிகாரிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், மதில் கட்டிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். மேலுரிமை மட்டும் அவரிடம் இருந்தது. இப்படித் தன்னாட்சி பெற்ற நகரத்துக்குத்தான் 'கொமூனே' என்று பெயர்.

கொமூனேவைப் பிடித்த நோய் கோஷ்டி. போப்பாண்டவர் பக்கம் என்று சொல்லிக்கொண்டவர்கள் குவெல்ஃபுகள், பேரரசர் பக்கம் என்றவர்கள் கிபெலின்கள். பாடப்புத்தகங்கள் இதைக் கொள்கைச் சண்டை போலக் காட்டும். தெருவில் பார்த்தால் பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுப் பகை. என் எதிரி குவெல்ஃப் என்றால் நான் கிபெலின், அவ்வளவுதான்.

நோய்க்கு முதல் மருந்து, வெளியூரிலிருந்து வரவழைத்த நிர்வாகி. அவரைப் 'பொதெஸ்தா' என்றார்கள். வேறு நகரத்துக்காரராக இருக்க வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோதான் பதவி. தன் நீதிபதிகளையும் எழுத்தர்களையும் காவலர்களையும் தானே கூட்டி வருவார். பதவி முடிந்ததும் உடனே மூட்டை கட்ட முடியாது. அவர் செய்ததையெல்லாம் விசாரித்துக் கணக்குப் பார்த்த பிறகே விடுவார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் அதிகாரத்தை எவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருக்கிறார்கள் என்பது இந்த ஒரு ஏற்பாட்டிலேயே தெரிகிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

இன்னொரு பதவியும் முளைத்தது. பெரும் பிரபுக் குடும்பங்களுக்கு எதிராகக் கைவினைஞர்களும் வணிகர்களும் தொழில்வாரியாகச் சங்கம் அமைத்து, தங்களைக் காக்க ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 'கப்பித்தானோ', அதாவது மக்கள் தலைவர். இந்தப் பதவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கான்கிராந்தேவின் குடும்பம் ஏறியது இந்தப் படி வழியாகத்தான்.

சட்டப்படி நடந்த ஒப்படைப்பு

வெரோனாவை நீண்ட காலம் தன் பிடியில் வைத்திருந்தவர் எட்செலினோ தா ரொமானோ. கொடுமைக்குப் பேர்போனவர். வெரோனா, விசென்சா, பாதுவா மூன்றும் அவர் கையில் சிக்கித் தவித்தன. 1259-இல் போரில் பிடிபட்டுக் காயத்தோடு இறந்தார். அந்த வெற்றிடத்தில் மேலே வந்தவர்தான் மாஸ்தினோ தெல்லா ஸ்காலா. முதலில் பொதெஸ்தா ஆனார். 1262-இல் கப்பித்தானோ ஆனார். பெரும் பிரபுக்களைவிட வணிகர்களும் கைவினைஞர்களுமே அவருக்கு ஆதரவு. மன்னர் என்று அவர் தன்னை ஒருநாளும் அழைத்துக்கொள்ளவில்லை.

1277 அக்டோபரில் மாஸ்தினோவை வெட்டிக் கொன்றார்கள். அப்போது அவருடைய தம்பி ஆல்பெர்தோ மாந்துவா நகரத்தில் பொதெஸ்தாவாக இருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்தார். நகர மக்கள் கூடினார்கள். ஆல்பெர்தோவை ஆயுள் முழுக்கக் கப்பித்தானோவாக அறிவித்தார்கள். நகரத்தின் சட்டங்களை இயற்றவும் மாற்றவும் நீக்கவும் தன் விருப்பப்படி அவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு பதவியின் கால வரம்பை எடுத்துவிட்டார்கள். அப்புறம், அந்தப் பதவியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையே அந்தப் பதவியில் இருப்பவர் மாற்றலாம் என்றார்கள். புதிதாக எந்தப் பதவியும் உருவாக்கவில்லை. பழைய பதவிதான், பழைய பெயர்தான், பழைய மண்டபம்தான். ஆனால் பொதெஸ்தாவை அவ்வளவு சந்தேகத்தோடு பார்த்த அதே நகரம், இரண்டே வரிகளில் எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டது. பயந்துதான் திறந்தது. மறுபடியும் தெருவில் ரத்தம் ஓடுமோ என்ற பயம். இப்படி ஒரு நகரத்தின் முழு அதிகாரத்தையும் பெற்றவரைச் 'சின்யோரே' என்றும், அந்த ஆட்சிமுறையைச் 'சின்யோரியா' என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். தன்னாட்சி நகரம் கொமூனே. வெளியூர் நிர்வாகி பொதெஸ்தா. மக்கள் தலைவர் கப்பித்தானோ. அந்தக் கடைசிப் பதவி ஆயுள் பதவியாகி, குடும்பச் சொத்துப்போல ஆகும்போது சின்யோரியா பிறக்கிறது.

பதினேழு வயதில் பாதி ஆட்சி

ஆல்பெர்தோ 1301 வரை இருந்தார். அவருடைய மூன்றாவது மகன்தான் கான்கிராந்தே. அப்பா இறக்கும்போது இவருக்குப் பத்து வயது. மூத்த அண்ணன் பார்த்தொலோமேயோ மூன்றே வருடத்தில், 1304-இல், போய்விட்டார். அடுத்த அண்ணன் அல்போயினோ ஆட்சிக்கு வந்தார். 1308-இல் தம்பியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அல்போயினோ போர்க்குணம் கொண்டவர் இல்லை. படை, குதிரை எல்லாம் தம்பி பக்கம். 1311 இறுதியில் அல்போயினோவும் இறக்க, இருபது வயதில் கான்கிராந்தே தனி ஆளாக நின்றார்.

அவருடைய பிரச்சினை என்ன? மன்னருக்குப் பிறப்பே உரிமைச் சான்று. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சின்யோரேவுக்கு அப்படி இல்லை. "உனக்கு யார் கொடுத்தது இந்த அதிகாரம்?" என்று எந்த எதிரியும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நகரம் கொடுத்தது என்றால், நகரம் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே. அதனால்தான் இந்தச் சின்யோரேக்கள் எல்லோரும் இரண்டாவது ஒரு முத்திரைக்கு ஏங்கினார்கள். கட்டியவரான பேரரசரே வந்து "ஆமாம், இவர்தான் என் ஆள்" என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அந்த வாய்ப்பு வந்தது. 1310-இல் ஏழாம் ஹென்றி, பேரரசராக முடிசூட்டிக்கொள்ள ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினார். முதலில் நகரங்களுக்குள் சமாதானம் செய்து வைக்கத்தான் நினைத்தார். துரத்தப்பட்டவர்களையெல்லாம் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் படை நடத்தப் பணமும் ஆளும் வேண்டுமே. 1311-இல் அல்போயினோவும் கான்கிராந்தேவும் வெரோனாவின் பேரரசப் பிரதிநிதிகள் ஆனார்கள். 'விகார்' என்பது பதவிப் பெயர். பேரரசர் சார்பில் ஊரை ஆள்பவர் என்று பொருள்.

இப்போது கையில் இரண்டு காகிதங்கள். கீழேயிருந்து நகரம் கொடுத்தது ஒன்று, மேலேயிருந்து பேரரசர் கொடுத்தது இன்னொன்று. ஒன்று கிழிந்தால் இன்னொன்றைக் காட்டலாம். ஹென்றி 1313-இல் காய்ச்சலில் இறந்துபோனார். கான்கிராந்தே அந்தப் பட்டத்தை விடவே இல்லை. பேரரசர் இல்லாதபோது அவர் கொடுத்த பதவியை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 1317-இல் போப் 22-ஆம் ஜான் ஆணையிட்டார். கேட்காததால் மறு வருடமே கான்கிராந்தேவைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். அந்தக் காலத்தில் அது சாதாரணத் தண்டனை இல்லை. அப்படியும் அவர் அசையவில்லை. காகிதம் அவருக்கு அவ்வளவு முக்கியம்.

விசென்சா, 1314

காகிதம் மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். 'எங்களைக் காப்பாற்று' என்று நகரம் கொடுத்த அதிகாரம், காப்பாற்ற முடிகிற வரைக்கும்தான். அவர் வாழ்க்கையில் இது பளிச்சென்று தெரிவது விசென்சாவில்.

வெரோனாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது விசென்சா. அதற்கும் கிழக்கே பாதுவா. பாதுவா பணக்கார நகரம், பல்கலைக்கழகம் உள்ள நகரம், குவெல்ஃப் நகரம். 1266 முதல் விசென்சாவைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. 'பொறுப்பு' என்பது பாதுவா சொன்ன சொல். விசென்சா மக்களுக்கு அது அடிமைத்தனம். 1311 ஏப்ரலில், பேரரசரின் ஆதரவோடும் தெல்லா ஸ்காலாவின் உதவியோடும் விசென்சா பாதுவாவை உதறியது. அடுத்த வருடம் கான்கிராந்தேவே விசென்சாவுக்கும் விகார் ஆனார்.

பாதுவா சும்மா இருக்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் பாக்கிலியோனே நதி ஓடுகிறது. விசென்சா மேல்மடை, பாதுவா கடைமடை. விசென்சாக்காரர்கள் நதியைத் திருப்பிவிட்டார்கள். பாதுவாவில் மாவு அரைக்கும் ஆலைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. வேறு ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிக்கொண்டது பாதுவா. தண்ணீரை வைத்து நடந்த இந்தச் சண்டையில் கோபம் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1314 செப்டம்பரில் பாதுவாவின் படை விசென்சாவைத் திடீரென்று தாக்கியது. புறநகரான சான் பியெத்ரோ அவர்கள் கையில் விழுந்தது. உள்ளே போன கூலிப்படையினர் வீடு வீடாகக் கொள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். வெரோனாவில் இருந்த கான்கிராந்தேவுக்குச் செய்தி போயிற்று. பெரிய படை திரட்ட அவர் காத்திருக்கவில்லை. கையில் அகப்பட்ட சிலரோடு குதிரையேறி விசென்சாவுக்குள் நுழைந்தார். அங்கே கிடைத்த சிறு குதிரைப்படையைச் சேர்த்துக்கொண்டு வாயிலைத் திறந்து வெளியே பாய்ந்தார். கொள்ளையில் சிதறிக் கிடந்த பெரும்படை, எதிரே வருவது எத்தனை பேர் என்றுகூடத் தெரியாமல் ஓடியது. பாதுவாவின் முக்கியமானவர்கள் பலர் சிறைப்பட்டார்கள். ஜாக்கொமோ தா கர்ராரா ஒருவர். இன்னொருவர் கவிஞரும் வரலாற்றாசிரியருமான அல்பெர்தினோ முசாத்தோ.

ஆனால் எப்போதும் அவர் ஜெயித்தார் என்று நினைக்க வேண்டாம். 1320-இல் பாதுவாவை முற்றுகையிட்டிருந்தபோது இதே போன்ற ஒரு திடீர்த் தாக்குதலில் அவரே மாட்டிக்கொண்டார். காயத்தோடு மோன்செலிச்சே கோட்டைக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. முன்வரிசையில் நிற்கும் பழக்கம் இரண்டு பக்கமும் வெட்டும்.

பாதுவா பயந்தது எதற்கு?

முசாத்தோ விடுதலையாகி ஊர் திரும்பினார். எட்செலினோவின் கொடுங்கோன்மையைப் பற்றி லத்தீனில் ஒரு துன்பியல் நாடகம் எழுதினார். செத்துப்போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனவரைப் பற்றிய நாடகம்தான். ஆனால் யாரை நினைத்து எழுதினார் என்பது கேட்ட எல்லோருக்கும் புரிந்தது. வெரோனாவிலிருந்து அடுத்த எட்செலினோ வருகிறான், விழித்திருங்கள் என்பதே அதன் செய்தி. 1315-இல் பாதுவா நகரம் அவருக்கு லாரல் இலை மகுடம் சூட்டிக் கொண்டாடியது.

அடுத்து நடந்ததுதான் சின்யோரியா எப்படிப் பரவியது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. கான்கிராந்தே ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு நெருங்க நெருங்க, பாதுவாவுக்குள் கோஷ்டிச் சண்டை முற்றியது. 1318 ஜூலையில் பாதுவா மக்கள் கூடி, அந்த ஜாக்கொமோ தா கர்ராராவையே தங்கள் தலைவராக்கி அதிகாரத்தை ஒப்படைத்தார்கள். வெளியே நிற்கும் சின்யோரேவிடமிருந்து தப்பிக்க, உள்ளே ஒரு சின்யோரேவை உருவாக்கிக்கொண்டார்கள்! கொமூனேயின் பெருமையை அவ்வளவு உரக்கப் பாடிய ஊர் அது.

பத்து வருடம் கழித்து, 1328 செப்டம்பரில், அதே குடும்பத்தின் மர்சீலியோ தா கர்ராரா கான்கிராந்தேவோடு பேரம் பேசி நகரத்தை அவர் கையில் கொடுத்தார். கர்ராராப் பெண்ணான தாத்தேயா, கான்கிராந்தேவின் அண்ணன் மகன் மாஸ்தினோவுக்கு மணமானார். கத்தியின்றி வாயில் திறந்தது. பாதுவாவில் கான்கிராந்தேவின் பிரதிநிதியாக ஆளப்போவது யார்? மர்சீலியோவேதான். முசாத்தோ மறு வருடம் கியோஜ்ஜாவில், ஊரைவிட்டு விலக்கப்பட்டவராகவே இறந்தார்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். சின்யோரேவுக்கு மூன்று தூண்கள் தேவைப்பட்டன. நகரம் போட்ட தீர்மானம், பேரரசர் கொடுத்த பட்டம், போரில் காட்டிய கை. மூன்றில் எது ஆடினாலும் மற்றதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

அன்றாட ஆட்சி எப்படி நடந்தது?

இங்கேதான் 'மன்னர்' என்ற சொல் நம்மை மிகவும் ஏமாற்றும். கான்கிராந்தே காலத்திலும் வெரோனாவில் நகரப் பேரவை கூடியது. பொதெஸ்தா இருந்தார், நீதிபதிகள் இருந்தார்கள். வணிகர் சங்கம் தன் கட்டடத்தில் தன் விதிகளோடு இயங்கியது. அந்தக் கட்டடம் அவருடைய அப்பா 1301-இல் கல்லால் எடுத்துக் கட்டியது. நகரத்தின் சட்டங்கள் 1320களின் கடைசியில் திரட்டித் திருத்தி எழுதப்பட்டன. கொமூனே காலத்துச் சட்டங்களைக் கிழித்துப் போடவில்லை, அவற்றின் மேலேயே எழுதினார்கள். பொதெஸ்தாவாக யார் வர வேண்டும் என்பதை இப்போது சின்யோரே முடிவு செய்தார். மாற்றம் அங்கேதான்.

அவருடைய ஆட்சிப் பரப்பையும் ஒரே நாடாக நினைக்கக் கூடாது. வெரோனா, விசென்சா, பாதுவா எல்லாம் தனித்தனி நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிப் பேரவை. ஒவ்வொன்றும் தனித்தனியாக அவரைத் தலைவராக ஏற்றது. நாலைந்து குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரே ஆள் தலைவராக இருப்பது போல. சங்கங்கள் ஒன்றாக இணைந்துவிடவில்லை. அந்த ஆள் போனால் ஒவ்வொன்றும் தன் வழியைப் பார்த்துக்கொள்ளலாம்.

மக்களுக்கு இதில் என்ன கிடைத்தது? தெருச்சண்டை குறைந்தது, கம்பளித் தொழிலும் ஆல்ப்ஸ் வழி வணிகமும் தடையில்லாமல் நடந்தன, ஆதிஜே நதியின் இடக்கரை மலைச்சரிவில் புதிய மதில் எழுந்தது. அந்த மதிலின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. என்ன இழந்தார்கள்? போருக்கு வரி கட்டினார்கள். சான் போனிஃபாச்சோ பிரபுக் குடும்பம் போன்ற எதிர்த்தரப்பினர் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே அலைந்தார்கள். பதவி முடிந்தவரை நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்கும் உரிமை இருந்ததே, அது தலைமைப் பதவியைப் பொறுத்தவரை அடியோடு போயிற்று. என்னைக் கேட்டால் அந்த இழப்புதான் பெரியது.

ஊரிழந்தவர்களுக்கு ஒரு வீடு

ஊர் ஊராக மனிதர்கள் துரத்தப்பட்ட காலத்தில், கான்கிராந்தேவின் அரண்மனை அப்படி வந்தவர்களுக்கு அடைக்கலமாக இருந்தது. அவர்களில் பெரியவர் பிளாரன்ஸிலிருந்து துரத்தப்பட்ட கவிஞர் தாந்தே. முன்பே பார்த்தொலோமேயோ காலத்தில் வெரோனாவில் தங்கியிருந்தவர், கான்கிராந்தே காலத்தில் மறுபடி வந்து சில வருடங்கள் இருந்தார். தன் காவியத்தில் சொர்க்கத்தைப் பாடும் பகுதியின் 17-ஆம் பாடலில் இவரைப் புகழ்கிறார். கதை நடப்பது 1300-இல். எனவே அதில் கான்கிராந்தே ஒன்பது வயதுச் சிறுவன். இவன் வெள்ளிக் காசையும் பொருட்படுத்த மாட்டான், உழைப்புக்கும் அஞ்ச மாட்டான் என்று அங்கே ஆரூடம் சொல்லப்படுகிறது. அதே பாடலில்தான், அடுத்தவர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், அடுத்தவர் வீட்டுப் படியில் ஏறி இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்ற வரியும் வருகிறது. அடைக்கலம் கொடுத்தவருக்கான நன்றியும் அடைக்கலம் தேட வேண்டிவந்த வலியும் சில அடிகள் இடைவெளியில்.

இந்த விருந்தோம்பலுக்கும் ஆட்சிக்கும் தொடர்பு உண்டு. பிறப்பால் வராத மதிப்பைச் சின்யோரே வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும். 1328 இறுதியில், பாதுவா கைக்கு வந்த மகிழ்ச்சியில், வெரோனாவில் பெரிய விழா எடுத்தார். பலருக்கு வீரர் பட்டம் கொடுத்தார். பட்டம் கொடுப்பது அரசர்கள் செய்யும் வேலை.

திரெவிசோவில் நான்கு நாள்

கிழக்கே மிச்சமிருந்த பெரிய நகரம் திரெவிசோ. 1329 ஜூலையில் அதுவும் பணிந்தது. 18-ஆம் தேதி கான்கிராந்தே ஊருக்குள் நுழைந்தார். உடம்பு சரியில்லாமல் படுத்தார். 22-ஆம் தேதி இறந்துபோனார். கொதிக்கும் வெயிலில் கெட்டுப்போன ஊற்றுத் தண்ணீரைக் குடித்ததால் வந்தது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். விஷம் வைத்துவிட்டார்கள் என்றும் பேச்சு இருந்தது.

2004-இல் கல்லறையைத் திறந்தபோது உடல் தானாகவே பதப்பட்டு, வியப்பூட்டும் அளவுக்கு அழியாமல் இருந்தது. பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். குடலில் கெமொமில் பூவும் மல்பெரியும் இருந்தன. இரண்டும் மருந்துக் கஷாயத்தில் சேர்ப்பவை. கூடவே டிஜிட்டாலிஸ் என்ற நச்சுச் செடியின் தடயமும் இருந்தது. கல்லீரலில் அதன் நஞ்சு மிகுதியாகத் தேங்கியிருந்தது. இன்று இதய நோய்க்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகத் தரப்படுவது இதே செடியின் சத்துதான். அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். கஷாயத்தில் தெரியாமல் கலந்ததா, தெரிந்தே கலந்தார்களா என்று சோதனைக் குழாய் சொல்லாது. கான்கிராந்தேவுக்குப் பின் வந்த மாஸ்தினோ, வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவரைத் தூக்கிலிட்டார்.

அவருக்குச் சட்டப்படியான பிள்ளைகள் இல்லை. மனைவி ஜொவான்னாவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மணஉறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் இருந்தும் அதிகாரம் அண்ணன் மகன்களான ஆல்பெர்தோ, மாஸ்தினோ இருவருக்கும் போயிற்று. அவர்கள் லூக்கா, பார்மா வரை கை நீட்டினார்கள். வெனிஸும் பிளாரன்ஸும் சேர்ந்து திருப்பி அடித்தன. 1337-இல் மர்சீலியோ தா கர்ராரா கட்சி மாறிப் பாதுவாவை மீட்டுக்கொண்டார். திரெவிசோவை வெனிஸ் எடுத்துக்கொண்டது. கான்கிராந்தே இருபது வருடம் குதிரை மேலேயே வாழ்ந்து சேர்த்ததில் பெரும்பகுதி பத்து வருடத்துக்குள் கைவிட்டுப் போனது. 1387-இல் மிலானின் விஸ்கோந்திகள் வெரோனாவையே எடுத்துக்கொண்டார்கள். 1405-இல் அது வெனிஸிடம் போயிற்று.

கல்லறையில் எழுதியிருப்பது

வெரோனாவில் சாந்தா மரியா அந்தீக்கா என்ற சிறிய தேவாலயத்தின் வாசலுக்கு மேலே அவருடைய கல்லறை இருக்கிறது. கல் பெட்டியைத் தாங்கி நிற்பவை நாய்ச் சிற்பங்கள். அவற்றின் கால்களுக்கு இடையே ஏணிச் சின்னம். உச்சியில் குதிரை மேல் கான்கிராந்தே. இப்போது அங்கே இருப்பது நகல். மூலச் சிலை காஸ்தெல்வேக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் வாள். இறக்கையும் நாய்த் தலையும் கொண்ட தலைக்கவசம் கழற்றப்பட்டு முதுகில் தொங்குகிறது. முகத்தில் வாய்விட்ட சிரிப்பு. இடைக்காலக் கல்லறைச் சிலைகளில் இப்படிச் சிரிப்பவர் அபூர்வம். 1921-இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த நிஜ வாளும், கீழ்த்திசை நாடுகளிலிருந்து வந்த பட்டுத் துணிகளும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கல்லில் சில வரி லத்தீன் செய்யுள் வெட்டியிருக்கிறார்கள். இந்தப் பெரிய நாய் செய்த பெருஞ்செயல்களுக்கு, போரில் அவர் அடக்கிய நாடே சாட்சி என்று தொடங்குகிறது. விதி இன்னும் கொஞ்ச காலம் கொடுத்திருந்தால் ஸ்காலா வீட்டை விண்மீன்களுக்கும் மேலே ஏற்றியிருப்பார் என்கிறது. ஜூலை மாதத்தின் பதினொன்றை இரட்டித்தால் வரும் நாளில் இறந்தார் என்று விடுகதை போலத் தேதி சொல்கிறது. மன்னர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.